தண்ணீரில் போட்டதும் கரைந்த ‘மஞ்சிட்டி’: வாங்கி ஏமாந்த கதை

கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்து விற்கிறேன். தை மாதம் ஒரு ஆர்டர் வந்தது: பன்னிரண்டு சட்டை, எல்லாம் செங்கல் சிவப்பு, செடிச் சாயம்தான் வேண்டும். வழக்கமாக நாட்டு மருந்துக்கடையில் மஞ்சிட்டியை (சிவப்புச் சாயம் தரும் கொடி) வேராக வாங்கி நானே இடித்துக்கொள்வேன். இந்த முறை நேரமில்லை. ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று ஆன்லைனில் விற்ற ஒருவரிடம் 2 கிலோ பொடி வாங்கினேன், கிலோ 900 ரூபாய். பில் கூடக் கேட்காமல் ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

சாயம் பிடிக்கிற மாதிரி துணியை ஒழுங்காகத்தான் தயார் செய்திருந்தேன். கிலோ துணிக்கு 200 கிராம் கடுக்காய்ப் பொடி, காய்ந்த பிறகு 150 கிராம் படிகாரம். அப்புறம் இந்தப் பொடியைக் கொட்டினேன். பச்சைத் தண்ணீரிலேயே குங்குமம் கரைத்த மாதிரி சிவந்தது. அடியில் கசடே இல்லை. வேர்ப்பொடி அப்படிக் கரையவே கரையாது. சேறு போல அடியில் தங்கும், சூடு ஏற ஏறத்தான் நிறம் இறங்கும். கொதிக்கவிட்டால் பழுப்படித்துவிடும் என்று அடுப்பை விட்டு நகர முடியாது. இதெல்லாம் தெரிந்தவள்தான் நான். ஆனாலும் அந்த நிறத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அலசும்போது சாயம் போனது. நாலு அலசலில் நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. வியர்த்ததும் குழந்தையின் கழுத்திலும் கை மடிப்பிலும் சிவப்பு ஒட்டியிருக்கிறது. போட்டோவைப் பார்த்து எனக்குக் கை நடுங்கிவிட்டது. அசோ என்கிற செயற்கைச் சாய வகையில் பலவற்றை உடம்புக்கு ஆகாது என்று 1997இலேயே அரசு தடை செய்திருக்கிறது. இந்தப் பொடியில் எந்தச் சாயமோ! பன்னிரண்டு சட்டைக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

விற்றவரைக் கூப்பிட்டால், “இயற்கைச் சாயம்னா அப்படித்தான்க்கா போகும்” என்கிறார். காசு போனதைவிட இதுதான் எரிச்சல். சோழமண்டலக் கரையில் சாயவேரும் (மஞ்சிட்டி மாதிரியே சிவப்புத் தரும் இன்னொரு வேர்) படிகாரமும் வைத்துச் சிவப்பேற்றிய துணிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 300 வருடம் கழித்தும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. இதைச் சொன்னதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாமல் அது எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும்.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்புறம்தான் செய்தேன். இரண்டு கிண்ணத்தில் சாயத் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைச் சாறு, இன்னொன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு. நிஜ மஞ்சிட்டி புளிப்பில் மஞ்சள் பக்கம் போகும், சுண்ணாம்பில் ஊதா பக்கம் திரும்பும். இது இரண்டிலும் அசையவில்லை. கடுக்காயும் படிகாரமும் காட்டாத வெறும் பருத்தித் துண்டைப் போட்டேன், அதுவும் பளீரென்று சிவந்தது. படிகாரம் இல்லாமல் மஞ்சிட்டி பருத்தியில் அப்படி ஏறாது. பொடி வாங்குகிறவர்கள் முதலில் 50 கிராம் வாங்கி இதைச் செய்து பாருங்கள். முடிந்தால் வேராகவே வாங்குங்கள், இடிக்கிற வலி பரவாயில்லை.

மிச்சம் ஒன்றரை கிலோ பரணில் கிடக்கிறது. காலிங்கராயன் வாய்க்கால் சாயக் கழிவால் பட்ட பாட்டைப் பார்த்தே வளர்ந்த ஈரோட்டுக்காரி, சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை.