மினி டிராக்டருக்கு எதிர் எடை: அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து நான்கு ஆண்டு அனுபவம்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையடிவாரச் சரிவில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்கும் அதையொட்டிய நெல் வயலுக்குமாக, 24 குதிரைத்திறன் கொண்ட நான்கு சக்கர இயக்க மினி டிராக்டர் ஒன்றை நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். எரு அள்ளுவதற்காக முன்புறம் ஒரு சிறிய லோடரை, அதாவது பக்கெட்டைத் தூக்கி இறக்கும் கருவியைப் பொருத்தியதிலிருந்துதான், ஒரு பக்கச் சுமையைச் சமன்செய்ய மறுபக்கம் ஏற்றும் எதிர் எடை குறித்த என் படிப்பு தொடங்கியது.

லோடர் வந்த இரண்டாம் மாதம், மழையில் ஊறிய எருவைப் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு, வரப்பில் இடிக்கக் கூடாதென்று அதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கியபடி சரிவில் இறங்கினேன். வாய்க்கால் வரப்பைக் கடக்கையில் இடப்பக்கப் பின் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. இந்த வண்டியில் பிரேக் பின் சக்கரங்களில்தான் இருக்கிறது. தரையில் பாரமாக ஊன்றாத சக்கரத்தை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் பயனில்லை என்பதும், நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் முன் சக்கரங்களும் பிடித்திருக்கும் என்பதும் பக்கெட்டைத் தரையில் இறக்கித் தப்பித்த பிறகுதான் உறைத்தன.

முதலில் செய்தது, இங்கே எல்லோரும் செய்வதுதான்: பஞ்சர் கடையில் பின் டயர்களுக்குத் தண்ணீர் ஏற்றினேன். வால்வை உச்சியில் நிறுத்தி, நீர் அந்த மட்டத்தை எட்டும்வரை, அதாவது ஏறத்தாழ முக்கால் பங்கு நிரப்பிவிட்டு, மீதிக்குக் காற்று அடிப்பார்கள். என் 8.3-20 அளவு டயர்கள் தலா ஐம்பது லிட்டர் அளவுக்குப் பிடித்தன. ஆக நூறு கிலோ. குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலக்கிறார்கள். வேலூர் வெயிலுக்கு அந்தக் கவலை இல்லை. செலவு குறைவு, பாரம் தாழ்வாக இருக்கிறது, பின் சக்கரம் வழுக்குவதும் குறைந்தது. ஆனால் பஞ்சரானால் படும் பாடு இரட்டிப்பு, கழற்றிய சக்கரத்தைத் தனியாளாகப் புரட்டவே முடியாது.

அதைவிடப் பெரிய குறை ஒன்றைக் கண்டறிய ஓராண்டு பிடித்தது. முன் ஆக்ஸிலின் (சக்கரங்களைத் தாங்கும் அச்சின்) ஆயில் சீல், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம், ஒழுகத் தொடங்கியபோது, முன்புறம் சுமை கூடிவிட்டதோ என்று கரும்பு வண்டிகளை எடை போடும் எடைமேடைக்கு டிராக்டரைக் கொண்டுபோய், முதலில் முழு வண்டியையும் பிறகு முன் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் எடை போட்டுப் பார்த்தேன். நான் அமர்ந்த நிலையில், காலிப் பக்கெட்டுடன் மொத்தம் 1,280 கிலோ, அதில் முன் ஆக்ஸிலில் 620. பக்கெட்டில் 250 கிலோ எரு ஏற்றியதும் முன் ஆக்ஸிலில் 1,030 ஆனது. பின்புறம் 660 இருந்தது 500 ஆகக் குறைந்தது. ஏற்றியது 250 கிலோதான் என்றாலும், அது முன் ஆக்ஸிலுக்கு அப்பால் தொங்குவதால் 410 கிலோவாக அழுத்துகிறது. டயரில் ஏற்றிய தண்ணீர் பின் ஆக்ஸில் மீதே அமர்வதால் இந்த முன்சுமையில் ஒரு கிலோவைக்கூடக் குறைக்காது.

முன்சுமையைக் குறைக்க வேண்டுமானால் எடை பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்க வேண்டும். பழைய கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 200 லிட்டர் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டி, வெல்டிங் பட்டறையில், டிராக்டரின் பின்புறம் கருவிகளை மாட்டும் மூன்று கைகளில் கீழ் இணைப்புகள் இரண்டுக்கும் 22 மில்லிமீட்டர் முளைகளையும் (பின்), மேலேயுள்ள டாப் லிங்குக்கு 19 மில்லிமீட்டர் முளையையும் தாங்கும் சட்டம் ஒன்றைப் பற்றவைத்து, உள்ளே கான்கிரீட் ஊற்றினேன். நூறு லிட்டர் கான்கிரீட் சுமார் 240 கிலோ. இரும்போடு சேர்த்து 270. அது பின் ஆக்ஸிலிலிருந்து 80 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. அதே எருச் சுமையோடு மறுபடி எடை போட்டபோது முன்புறம் 890, பின்புறம் 910. ஆயில் சீலை மாற்றிய பிறகு இன்றுவரை ஒழுகவில்லை. வண்டி நீளமாகிவிட்டதை மறந்து மாட்டுக்கொட்டகைத் தூணை இரண்டு முறை இடித்தது என் கவனக்குறைவு, அதைப் பீப்பாயின் கணக்கில் எழுத மாட்டேன்.

ஒரு தயக்கம் உண்டு. இந்த எடையெல்லாம் முன்பின் சமநிலைக்கு மட்டுமே. பக்கவாட்டில் கவிழ்வதற்கு இது முழு மருந்து ஆகாது. முன் ஆக்ஸில் தன் நடுவிலுள்ள ஒற்றை முளையில் இருபுறமும் சாய்ந்து ஆடுவதால், அது தன் தடுப்பை எட்டும்வரை பக்கவாட்டுத் தாங்கல் பின் சக்கரங்களிடம்தான் இருக்கிறது. ஆகவே பக்கெட்டை முழங்காலுக்கு மேல் தூக்கி ஓட்டுவதை அறவே விட்டுவிட்டேன்.

லோடரைக் கழற்றிப் பின்புறம் ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணை உழும் கருவி) மாட்டினால் கணக்கு தலைகீழாகிறது. அதைத் தூக்கிய நிலையில் மொத்த எடை 1,260, முன் ஆக்ஸிலில் வெறும் 270. ஸ்டியரிங் சொன்னபடி கேட்க முன்புறம் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. சமதளத்தில் மயிரிழையில் தேறும் வண்டி, மேட்டில் ஏறும்போது தவறிவிடும். பம்பரில் 20 கிலோ வார்ப்பிரும்புத் தகடுகள் நான்கை மாட்டியதில், அவை முன் ஆக்ஸிலுக்கு முன்னால் இருப்பதால், நூறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகவே பலன் கிடைத்தது.

சேற்றுழவு செய்யும்போது முன்புறத் தகடுகளையும் பீப்பாயையும் இறக்கிவிடுகிறேன். தண்ணீரையும் பாதிக்கு வடித்துவிடுவேன், இல்லாவிட்டால் வண்டி சேற்றில் அமிழ்கிறது. பீப்பாயை இறக்கி ஏற்றுவதுதான் சிரமமாக இருந்தது. சென்ற பட்டத்தில், இணைப்புக் கைகளின் உயரத்துக்குச் சரியாக ஓர் இரும்பு முக்காலி செய்து கொட்டகையோரம் போட்டிருக்கிறேன். இப்போது பின்னோக்கி ஓட்டி முளைகளைச் செருகப் பத்து நிமிடம் ஆகிறது.