தெர்மல் ஸ்கோப் வாங்குவோர் கவனத்துக்கு: எங்கள் 28,000 ராண்ட் கதை

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே டொங்காட் பக்கம் மாமனாருக்குக் கொஞ்சம் கரும்பு நிலம் இருக்கிறது. இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் காலையில் ஓரத்து வரிசைகள் சாய்ந்து கிடக்கும். இங்கே புஷ்பிக் என்பார்கள். நம்மூர்ப் பன்றியைவிடக் குட்டை. துப்பாக்கிக்கு உரிமம், இரவு வேட்டைக்கு அனுமதி எல்லாம் மாமா முறையாக வாங்கி வைத்திருக்கிறார். இருட்டில் பார்க்க ஒரு கருவிதான் இல்லை.

டர்பனில் ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். கடைக்காரருக்குத் தமிழில் ‘வணக்கம்’, ‘அண்ணா’ என்று இரண்டே வார்த்தைதான் தெரியும். அதற்கே மாமா பாதி மயங்கிவிட்டார். நாங்கள் கேட்டது கையில் பிடித்துப் பார்க்கும் தெர்மல் வியூவர், அதாவது உடல் சூட்டை வைத்து இருட்டிலும் உருவம் காட்டும் கருவி. அதையே துப்பாக்கிமேல் மாட்டுகிற மாதிரி செய்தால் ஸ்கோப். “அது வீண் செலவு அண்ணா. ஸ்கோப் எடுத்தால் பார்க்கவும் அதுவே, சுடவும் அதுவே” என்று ஆங்கிலத்தில் அடித்துப் பேசினார். சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுக் கருவியை என் கையில் கொடுத்தார். சுவரில் ஐந்து விரலும் வெள்ளையாக நின்று, மெல்ல மங்கின. வாயைப் பிளந்து பார்த்தேன். ஏசி அறைச் சுவரில் சூடான கையை வைத்தால் மலிவான கருவியிலும் அப்படித்தான் தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. பெட்டியில் 384 சென்சார் (அகலவாக்கில் 384 பிக்சல்) என்றும், 1,200 மீட்டர் வரை கண்டறியும் என்றும் போட்டிருந்தது. 28,000 ராண்ட் கட்டினோம்.

முதல் இரவு பக்கிக்குள் உட்கார்ந்து (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பேர், சிரிக்காதீர்கள்) முன்கண்ணாடி வழியாகப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. இதில் கருவிமேல் குற்றமில்லை. சாதாரணக் கண்ணாடி அந்த வெப்பக் கதிரை உள்ளே விடாது. அதனால்தான் தெர்மல் லென்சை ஜெர்மானியத்தில் செய்கிறார்கள். விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் இரவு நடந்ததுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். மாமா துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப்பால் கரும்பு ஓரத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். சுமார் 200 மீட்டரில் குட்டையாக, உருண்டையாக ஒரு வெள்ளை உருவம். “மாப்பிள்ளை, வந்துட்டான்” என்றார். நானும் குனிந்து பார்த்தேன். பன்றி மாதிரியேதான் இருந்தது. ஜூம் பண்ணினால் கட்டம் கட்டமாகப் பெரிதானதே தவிர எதுவும் தெளியவில்லை. அப்போது அந்த உருவத்திலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி மேலே போய்க் கீழே வந்தது. மறுபடியும் மேலே போனது. பன்றி சிகரெட் பிடிக்காது. பக்கத்து நிலத்துக் காவல்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். துப்பாக்கியில் குண்டு ஏற்றவில்லை, நல்லவேளை. ஆனாலும் அதன் வாய் அவரைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது! மாமா அதற்கப்புறம் பேசவே இல்லை. எல்லாவற்றையும் கட்டி வண்டியில் வைத்தார்.

வீட்டில் மெனுவைத் தோண்டிப் பார்த்தேன். சென்சார் 256×192. பெட்டி ஒன்று, உள்ளே இருந்தது வேறு.

அந்த 1,200 மீட்டர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 12 மைக்ரான் பிக்சல், 25 மி.மீ. லென்ஸ் என்றால் 100 மீட்டரில் ஒரு பிக்சல் சுமார் 5 செ.மீ. இடத்தைக் காட்டும். 1,200 மீட்டரில் அது 58 செ.மீ. முழுப் பன்றியே நீளவாக்கில் இரண்டு புள்ளிதான்! ‘கண்டறியும்’ என்றால் ஏதோ சூடாக இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். 200 மீட்டரில் பன்றி ஏழு புள்ளி உயரம், குத்துக்காலிட்ட மனிதர் ஒன்பது புள்ளி. எப்படிப் பிரித்தறிவது? இத்தனைக்கும் அதே பிக்சல், அதே லென்சில் 384 சென்சார் கிடைத்திருந்தாலும் பார்வை அகலமாகியிருக்குமே தவிர உருவம் தெளிந்திருக்காது. தெளிவு வேண்டுமென்றால் நீளமான லென்ஸ் வேண்டும், அப்போது பார்வை குறுகும். எங்கள் ஸ்கோப்பே 100 மீட்டரில் 12 மீட்டர் அகலம்தான் காட்டியது. ஊதுகுழல் வழியாக வயலைப் பார்த்த கதை.

தேடுவது ஒரு வேலை, சுடுவது வேறு வேலை. ஸ்கோப்பை வைத்துத் தேடினால் என்ன இருக்கிறதென்று தெரியாத ஒவ்வொன்றின்மீதும் துப்பாக்கியை நீட்டியாக வேண்டும். ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வியூவரை வாங்குங்கள்.

கடைக்குத் திரும்பினோம். ‘அண்ணா’ எல்லாம் போய்விட்டது. “துப்பாக்கியில் மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்று சுவரில் இருந்த அறிவிப்பைக் காட்டினார். அந்த அறிவிப்பு செல்லாது. இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008), 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்பது வாங்கியவர் விருப்பம். என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்குப் பொருந்தாவிட்டாலும் கேட்கலாம். பெட்டியின் படம், மெனுவின் படம், ரசீது மூன்றையும் மேசையில் வைத்து, நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் புகார் எழுதுவேன் என்றேன். மூன்று நடை நடந்தபின் மாற்றித் தந்தார்.

இப்போது இருப்பது 19 மி.மீ. லென்ஸ் போட்ட 384 வியூவர். கடைக்கு வெளியே, இருட்டிய பிறகு, தெருவில் போன நாயைப் பார்த்த பிறகுதான் வாங்கினோம். மாமா இன்றும் கிளம்புமுன் அந்தக் காவல்காரருக்குப் போன் போட்டு, எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டுக்கொள்கிறார்.