மேஜைக்கு அடியில் வாய் கொப்பளிக்கும் கூலர்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். என்னைப் போலவே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர். "அண்ணே, நீங்க மாட்டியிருக்கற அதே லிக்விட் கூலர் ரெண்டாயிரம் ரூபா இறங்கியிருக்கு. போட்டுடலாமா?" என்றார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். முக்கால் மணி நேரம் பேசினேன். பேசி முடித்ததும், "சரிண்ணே, இப்ப வாங்குன்னு சொல்றீங்களா, வேணாங்கறீங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லத் தெரியாமல் போனதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

லிக்விட் கூலர் என்பது கம்ப்யூட்டர் ப்ராசஸரின் சூட்டைத் தண்ணீரில் வாங்கி, அதன் மேல் உட்காரும் பம்ப்பால் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளி, ஃபேன் வைத்து ஆற்றும் சாதனம். கம்பெனி பெயர் போடவில்லை. 240 எம்எம் ரேடியேட்டர், இரண்டு ஃபேன், பம்ப் தலையில் ஒரு வட்ட விளக்கு. அந்த விலைக்கு எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய இதுதான் இருக்கும்.

என் ப்ராசஸர் ஐ7-12700. 2022 தொடக்கத்தில் வாங்கியது. 65 வாட் என்று போட்டிருக்கும், அது அடிப்படைக் கணக்கு. டர்போவில், அதாவது முழு வேகத்தில் ஓடும்போது, 180 வாட் வரை போகும் என்பதும் அதே விவரத்தாளில் இருக்கிறது, நாம்தான் அந்த வரியைப் படிப்பதில்லை. என் பி660 மதர்போர்டோ பயாஸில், அதாவது போர்டின் அடிப்படை அமைப்புகளில், வாட் வரம்பை அவிழ்த்துவிட்ட நிலையிலேயே கைக்கு வந்தது. அதனால் ப்ராசஸரோடு பெட்டியிலேயே வரும் ஸ்டாக் கூலரைத் திட்டுவது நியாயமில்லை. சைக்கிள் கேரியரில் நாலு மூட்டை சிமெண்டை ஏற்றிவிட்டு சைக்கிள் சரியில்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்குத் திட்டினேன். எடிட் செய்ததை முழு வீடியோவாக்க ரெண்டரில் போட்ட ஒரே நிமிடத்தில் 100 டிகிரி. அதற்கு மேல் போகாமல் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், 4.5 கிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டியது 3.6-இல் தள்ளாடும். கூடவே ஃபேன் சத்தம். என் அறை வளசரவாக்கத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஏசி கிடையாது. கத்திரி வெயிலில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும்.

அந்தக் கத்திரியில்தான், 2022 மே மாதம், பொறுமை போய் லிக்விட் கூலர் வாங்கினேன்.

மாட்டியதைப் பற்றி நீட்ட வேண்டாம். ஸ்டாக் கூலரின் நாலு கறுப்புப் பின்னையும் அம்புக்குறி பார்த்துத் திருப்பிக் கழற்றினேன். சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டால் துடைத்தேன். பின்பக்கத் தகடு வைக்க போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருந்தது. ப்ராசஸர் உட்காரும் இந்த 1700 சாக்கெட்டில், கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 78 மில்லிமீட்டர், முந்தைய தலைமுறையில் 75. பழைய கூலரை அரை விலைக்கு வாங்குகிறவர்கள் கொக்கி சேருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்தினால் போர்டுதான் விரிசல் விடும்.

முதல் வாரம் சொர்க்கம். ஒன்றே கால் மணி நேரக் கல்யாண வீடியோ, முன்பு 1 மணி 50 நிமிடம் ஓடியது, 1 மணி 28 நிமிடத்தில் முடிந்தது. சூடு 78-ஐத் தாண்டவில்லை.

இரண்டாவது வாரம் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

பெரிய சத்தம் இல்லை. சொம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் இறங்கும்போது வருமே, களக்... களக்களக்... அதுதான். யாரோ மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வாய் கொப்பளிப்பது மாதிரி. கம்ப்யூட்டரைப் போட்டதும் இரண்டு நிமிடம் கொப்பளிக்கும், அப்புறம் அடங்கும். மறுபடி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அம்மா பக்கத்து அறையிலிருந்து, "பாத்ரூம் குழாயைச் சரியா மூடலியாடா?" என்று கேட்பார். மூடித்தான் இருக்கு என்பேன். மூன்றாவது நாள் நம்பாமல் அவரே எழுந்து போய்க் குழாயை இறுக்கிவிட்டு வந்தார். பழைய வாஷர், அந்த இறுக்கில் அது போய்விட்டது. நிஜமாகவே குழாய் ஒழுக ஆரம்பித்தது. ப்ளம்பருக்கு 300 ரூபாய். அதையும் கூலர் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

என் வேலையில் கெட்டிமேளம் வரும் இடமெல்லாம் பிரச்சினையே இல்லை, பக்கத்தில் லாரி போனாலும் தெரியாது. தாரை வார்த்துக் கொடுத்த பிறகு பெண்ணின் அப்பா மாப்பிள்ளை காதில் ஏதோ சொல்வார். ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வார். அந்த இரண்டு வரியைப் பின்னணி இரைச்சலிலிருந்து பிரித்து எடுக்க, ராத்திரி ஒரு மணிக்கு ஸ்பீக்கரைத் தணித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சரியாக அந்த நேரத்துக்கு, களக்.

காரணம் எளிமையானதுதான், எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. இந்தக் கூலர்களுக்குள் கொஞ்சம் காற்று இருந்தே தீரும். அது போதாதென்று ஹோஸ் வழியாக வருடா வருடம் துளித் துளியாக ஈரம் வெளியே கசிந்து, அந்த இடத்தையும் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்துக்குப் போய்விடும். அந்த இடம் ரேடியேட்டரின் ஒரு மூலை என்றால் தொந்தரவு இல்லை. பம்ப்பாக இருந்தால் ஆபத்து, காற்றைக் குடித்துக் குடித்து பம்ப் சீக்கிரம் போய்விடும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் செய்திருந்தேன். கேபினெட்டின் முன்பக்கத்தில் ரேடியேட்டரை நிறுத்தி, ஹோஸ் இரண்டும் மேலே வரும்படி மாட்டியிருந்தேன். ஆகவே காற்று நேராக ஹோஸ் வாயில் வந்து குந்திக்கொண்டது. தண்ணீர் போகும்போதும் வரும்போதும் அதைக் கடந்தாக வேண்டும். கொப்பளிக்காமல் என்ன செய்யும்?

கேபினெட்டின் மேல்தட்டில் மாட்டியிருக்கலாமே என்பீர்கள். ரேடியேட்டர் 27 மில்லிமீட்டர், ஃபேன் 25, மொத்தம் 52. என் கேபினெட்டில் அந்த உயரத்துக்குள் ராம் (மெமரி) குச்சிகளின் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. வாங்குவதற்கு முன்பு ஒரு ஸ்கேலை எடுத்து அளந்திருக்கலாம். அளக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கழற்றி, ரேடியேட்டரைத் தலைகீழாகத் திருப்பி, ஹோஸ் கீழே வரும்படி மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டின் மூலையை உரசிக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் மிச்சத்தில் ஹோஸ் எட்டியது. சத்தம் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. அந்தப் பத்தாவது பங்குதான் பிரச்சினை. காலையில் போட்டதும் பத்து விநாடி கொப்பளிக்கும், அப்புறம் நாள் முழுக்க அமைதி. எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தபோது பழகியிருந்தேன். இப்போது வருமா, வருமா என்று காது நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, திட்டிக்கொண்டே போனால் நியாயமில்லை. இந்தப் பொருளில் நான் எதிர்பார்க்காத நல்லது ஒன்று இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எல்லாரும் டிகிரியைத்தான் பேசுகிறார்கள். தண்ணீர்க் கூலர் என்றதும் ஏசி மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அறை 36 டிகிரியில் இருந்தால் ரேடியேட்டரால் தண்ணீரை அந்த 36-க்குக் கீழே கொண்டுபோகவே முடியாது. மே மாதத்தில் சும்மா இருக்கும்போதே என் ப்ராசஸர் 44 காட்டும். விஷயம் டிகிரியில் இல்லை, சூடு ஏறுகிற நிதானத்தில் இருக்கிறது. ஸ்டாக் கூலரில் ஒரு பிரவுசரைத் திறந்தால் போதும், சூடு சட்டென்று எகிறும், ஃபேன் வீறிடும், மூன்று விநாடியில் அடங்கும். அடுத்த க்ளிக், மறுபடி வீறிடல். தண்ணீர் அப்படிப் பதறாது. ஒரு டம்ளர், 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரே ஒரு டிகிரி ஏற்ற சுமார் 836 ஜூல் வேண்டும். 150 வாட்டை அப்படியே அதில் கொட்டினாலும் ஐந்தரை விநாடி ஆகும், ரேடியேட்டர் வெளியே தள்ளுவது தனி. அதனால் இரண்டு விநாடித் துள்ளலுக்கெல்லாம் ஃபேனை எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேன் ஓடும்படி வைத்தேன், இரைச்சல் ஏறுவதும் இறங்குவதும் தெரியவே இல்லை. என் மகள் அதே அறையில் தூங்குகிறாள். முன்பெல்லாம் நான் எக்ஸ்போர்ட் பட்டனை அமுக்கினால் புரண்டு படுப்பாள். இப்போது இல்லை. இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் கொடுத்த பணம் தகும் என்று இரண்டு வருடம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலும் ஒரு சங்கடம். ஸ்டாக் கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதும், சாக்கெட்டைச் சுற்றியுள்ள, ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதிக்கும் அதில் கொஞ்சம் கிடைக்கும். அதை எடுத்துவிட்டு தண்ணீரை மாட்டினால் அந்த இடம் அநாதை. என் போர்டில் ஒரு பக்க விஆர்எம்முக்குச் சூடு இறக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க்கே கிடையாது. விரல் வைத்தேன், எடுத்துவிட்டேன். பின்பக்க ஃபேன் ஒன்று கூடுதலாகப் போட்ட பிறகுதான் நிம்மதி.

2024 ஆகஸ்ட் கடைசி, ஆவணி முகூர்த்தம் வரிசையாக நிற்கிற நேரம். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்கு வீடியோ கொடுக்க வேண்டும். புதன்கிழமை மவுஸ் நகரவில்லை. பிரவுசர் மட்டும் திறந்திருக்கிறது, சூடு 100. கேபினெட்டைத் திறந்து ஹோஸைத் தொட்டேன். இரண்டும் ஜில்லென்று இருந்தன. ரேடியேட்டரும் ஜில். ப்ராசஸர் மேலிருக்கும் பம்ப்பைத் தொட்டதும் கை தானாகப் பின்னால் வந்தது. தண்ணீர் ஓடவில்லை. அதன் தலையில் அந்த வட்ட விளக்கு மட்டும் ஏழு வண்ணத்தில் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்து வருட வாரண்டி இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. பெட்டி கேட்டார்கள், பில் கேட்டார்கள், பம்ப் ஓடாததை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஓடாத ஒன்றை வீடியோவில் எப்படிக் காட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, தொழிலே வீடியோதான். மாற்றுப் பொருள் வர 23 நாள். அதுவரை இழுப்பறையில் கிடந்த ஸ்டாக் கூலரைத் தூசி தட்டி மாட்டினேன். நாலாவது பின் பூட்டவே மறுத்தது. அதை அழுத்திப் பிடித்து நிறுத்தியது தனிக் கதை. பயாஸில் 65 வாட்டுக்குக் கட்டிப்போட்டேன். அதே அளவு வீடியோ 2 மணி 5 நிமிடம் எடுத்தது, ஆனால் வேலை நடந்தது. வெள்ளிக்கிழமை வீடியோ வெள்ளிக்கிழமையே போனது.

அந்த 23 நாளில்தான் யோசித்தேன். காற்றுக் கூலரில் கெட்டுப்போவது ஃபேன் ஒன்றுதான். போனால் ஐந்நூறு ரூபாய்க்கு இன்னொன்று. மீதியெல்லாம் உலோகம். அதன் செம்புக் குழாய்களுக்குள்ளும் சில துளி தண்ணீர் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சூட்டில் ஆவியாகி மேலே போய், குளிர்ந்து, மறுபடி கீழே வரும். பம்ப் இல்லை, கரண்ட் இல்லை, வாரண்டிக்கு வீடியோ இல்லை. புதிய லிக்விட் கூலர் வந்த பிறகு இன்னொன்றையும் சோதித்தேன். வரம்பை 125 வாட்டில் வைத்தால் அதே வீடியோ 1 மணி 34 நிமிடம். முழுவதும் அவிழ்த்துவிட்டதற்கும் இதற்கும் ஆறே நிமிட வித்தியாசம். 125 வாட்டை நல்ல டவர் கூலர், அதாவது உயரமான காற்றுக் கூலர், தாராளமாகத் தாங்கும், விலையும் பாதி. 2022-இலேயே பயாஸுக்குள் போய் அந்த ஒரு எண்ணை மாற்றியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆகவே தம்பிக்கு என் பதில்: வேண்டாம். டவர் கூலர் வாங்கு, 125-இல் வை, மிச்சப் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி போடு.

"அப்ப நீங்க ஏண்ணே மாத்தி வந்ததை மறுபடி மாட்டினீங்க?" என்று அன்றைக்கே போனில் கேட்டார். உண்மையைச் சொன்னேன். அந்த 23 நாளும் மகள் புரண்டுகொண்டே இருந்தாள். புதியது வந்த அன்றே மாட்டிவிட்டேன். அது ஆறு மாதம் கொப்பளிக்கவில்லை. இப்போது ஆரம்பித்துவிட்டது. அம்மா குழாயைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார், "உன் மெஷின் எழுந்துடுச்சு போலிருக்கே" என்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவேன் என்பவர்கள் வாங்குங்கள். பம்ப் ஒயரை ஃபேன் மாதிரி வேகம் மாற விடாமல் எப்போதும் முழு வேகத்தில் வையுங்கள். போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் எதையாவது செருகுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லும். மாதம் ஒரு முறை ரேடியேட்டர் தூசியை ஊதுங்கள். முன்பக்கம் மாட்டினால் ஹோஸ் கீழே.

இன்று காலை தம்பி வாட்ஸப்பில் படம் அனுப்பியிருக்கிறார். ரிச்சி தெருவில் நேற்றே வாங்கிவிட்டாராம், லிக்விட் கூலர்தான். பச்சை விளக்கெல்லாம் எரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஹோஸ் இரண்டும் மேலே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.