யூசர் தரும் அளவை டிரைவர் எங்கே மடக்க வேண்டும்?

டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பான ஐ-ஆக்டல் வழியாக யூசர் புரோகிராம் ஓர் எண்ணிக்கையை அனுப்புகிறது. டிரைவர் அதை ஒரு ஸ்ட்ரக்சரின் (பல புலங்கள் சேர்ந்த தரவுத் தொகுப்பு) அளவால் பெருக்கி, லினக்ஸின் மையமான கெர்னலில் நினைவகம் ஒதுக்கித் தரும் கே-மாலக்கிடம் நினைவகம் கேட்கிறது. லினக்ஸ் டிரைவர்களில் அன்றாடம் நடப்பதுதான். அந்த எண்ணைச் சோதிக்கப் பல வழிகள் உண்டு. எல்லாம் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை.

நாமே ஓர் இஃப் எழுதி, வரம்பைத் தாண்டினால் இ-இன்வால் ('தந்த மதிப்பு செல்லாது' என்ற பிழை எண்) என்று திருப்புவது பழைய வழி. எளிமையானது, ஆனால் எழுதும் விதத்தில் வழுக்கிவிடும். மாறி, குறை எண்ணையும் ஏற்கும் இன்ட் வகை என்றால் மைனஸ் 1 அந்தச் சோதனையில் சுகமாகத் தேறிவிடும். சிவிஇ-2022-0185 என்ற கெர்னல் பாதுகாப்பு ஓட்டை டிரைவரில் வந்ததல்ல, ஃபைல் சிஸ்டத்தை இணைக்கும்போது தரும் மவுண்ட் ஆப்ஷன்களைப் படிக்கும் கோடில் வந்தது. ஆனாலும் பார்க்க வேண்டியது. அங்கே சோதனை இருந்தது: வரும் நீளம், 4096-இல் 2-ஐயும் ஏற்கெனவே நிரம்பியதையும் கழித்தால் கிடைப்பதைவிடப் பெரிதா? நிரம்பியது 4095 ஆனதும் விடை மைனஸ் 1. எல்லாம் அன்சைன்ட், அதாவது குறை எண்ணே இல்லாத வகை என்பதால் அது பூதாகாரமான எண்ணாகிவிட்டது. அப்புறம் எந்த நீளமும் உள்ளே போகலாம். திருத்தத்தில் கழித்தலை எடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பெருக்கலைப் பார்த்துக்கொள்ள கெர்னலே தரும் ஹெல்பர் ஃபங்ஷன்கள் அடுத்த வழி: கே-மாலக்-அரே, கே-காலக், 2018-இல் 4.18 கெர்னலோடு வந்த ஸ்ட்ரக்ட்-சைஸ். 16 பைட் ஸ்ட்ரக்சருக்கு 26,84,35,457 என்று எண்ணிக்கை வந்தால், 32 பிட்டில் பெருக்கல் சுற்றி வந்து வெறும் 16 ஆகும். டிரைவர் 16 பைட் வாங்கிக்கொண்டு கோடிக்கணக்கான உருப்படிகளை எழுதப் போகும். 64 பிட் என்று நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு எண்களும் 32 பிட் மாறிகள் என்றால் பெருக்கலும் 32 பிட்டிலேயே நடக்கும். ஹெல்பர்கள் இதைக் கச்சிதமாகப் பிடிக்கும்.

ஆனால் பிடிப்பது இதை மட்டும்தான். அதே ஸ்ட்ரக்சருக்கு ஒரு கோடி கேட்டால் 160 எம்பி. பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. எக்ஸ்86-இல் கே-மாலக்கின் உச்சம் வழக்கமாக 4 எம்பி, அதனால் வார்னிங்கும் ஸ்டாக் டிரேஸும் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) லாகில் விழும். வார்னிங் வந்தாலே பேனிக் ஆகும்படி (கெர்னல் தன்னையே நிறுத்திக்கொள்ளும்படி) அமைத்த கணினி அங்கேயே படுத்துவிடும். இதற்கு நோ-வார்ன் கொடியைப் போட்டு வாயை அடைப்பது தும்பை விட்டு வாலைப் பிடிப்பது. தொடர்ச்சியான இடம் கிடைக்காவிட்டால் சிதறிய பக்கங்களைச் சேர்த்துத் தரும் கேவி-மாலக்குக்கு மாறுவது அதைவிட மோசம் என்பேன்: முன்பு மறுக்கப்பட்ட 160 எம்பி இப்போது கிடைத்தே விடும்! அக்கவுண்ட் கொடி சேர்த்தால் செலவு அந்த புரோகிராமின் சி-குரூப் (நினைவக வரம்பு வைக்கும் குழு) கணக்கில் ஏறும். அந்த அளவுக்கு நல்லது.

நினைவகம் வாங்கி யூசர் தரவை அதில் நகலெடுத்தும் தரும் மெம்டப்-யூசரில் எனக்குப் பிடித்தது, வாங்கும் அளவும் நகலெடுக்கும் அளவும் ஒரே மாறியாக இருப்பது. ஆனால் தரவின் தொடக்கத்தில் அளவைச் சொல்லும் ஹெடரை ஒருமுறை படித்து அளவைச் சோதித்துவிட்டு, முழுவதையும் மறுபடி நகலெடுத்தால், இடையில் இன்னொரு த்ரெட் ஹெடரை மாற்றியிருக்கலாம். சோதித்த எண்ணையே கடைசிவரை வைத்துக்கொள்ள வேண்டும். இதுவும் 'இவ்வளவு எதற்கு' என்று கேட்காது.

என் தேர்வு: ஹார்டுவேரிலிருந்து வரும் வரம்பு முதலில், ஹெல்பர் பிறகு. ஹார்டுவேரின் வேலை வரிசையான ரிங்கில் 256 டிஸ்கிரிப்டர்தான் (வேலைக் குறிப்பு) என்றால் 257 கேட்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். பூஜ்யத்தையும் அங்கேயே மடக்குங்கள். கே-மாலக்கிடம் பூஜ்யம் கேட்டால் தோல்வியைக் காட்டும் நல் வராது, தொட்டால் ஊப்ஸ் (கெர்னல் பிழை) ஆகும் ஒரு தனிச் சுட்டி வரும். ஹெல்பர் இருக்க வரம்பு எதற்கு என்று ரிவியூவில் கேட்பவர்கள் பிழை எண்ணையும் யோசிக்கலாம். ஹெல்பர் மறுத்தால் போவது இ-நோமெம், அதாவது 'நினைவகம் இல்லை'. புரோகிராம் எழுதியவர் தன் எண்ணைப் பார்க்காமல் கணினியின் ராமைச் சந்தேகிப்பார், திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருப்பார். இ-இன்வால் வந்தால் நேராக அந்த எண்ணிடம் போவார்.