பின் டயருக்கு 14 பாயிண்ட்: மூன்று வருஷம், இரண்டு கேஜ்

போன வாரம் ஆபீஸ் கேன்டீனில் நண்பர் ஒருவர் கேட்டார். "மாலூர் பக்கம் பழைய டிராக்டர் ஒண்ணு வாங்கிட்டேன். டயருக்கு எவ்வளவு காத்து வைக்கறீங்க?" நம்பரை மட்டும் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் என்னுடைய இரண்டாவது கேஜும் (டயர் காற்றழுத்தம் பார்க்கும் கருவி) மண்டையைப் போட்டிருந்தது. அந்தக் கடுப்பில் எழுதுகிறேன்.

வண்டி எச்எம்டி 2511, மாமனார் காலத்தது. பெங்களூரில் எச்எம்டி என்றால் ஜாலஹள்ளி வாட்ச்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். டிராக்டர் வந்தது ஹரியானாவில் இருக்கும் பிஞ்சோரிலிருந்து. டயர் சைஸ் முன்னாடி 6.00-16, பின்னாடி 12.4-28, டியூப் போட்ட சாதா டயர். ஆனேக்கல் பக்கம் மூணு ஏக்கர் ராகி நிலம். நான் ஞாயிற்றுக்கிழமை விவசாயி.

முன் டயரில் பிரச்சினையே இல்லை. 28, 30 பாயிண்ட் (காற்றழுத்த அளவு, psi) வைத்தால் போதும், மறந்துவிடலாம். தலைவலி பின் டயர்தான். பஞ்சர் கடைக்குப் போனால் பையன் ஹோஸை மாட்டிக்கொண்டே "மூவத்து ஹாக்லா சார்?" என்பான், கன்னடத்தில் முப்பது போடட்டுமா என்று. 30! அவனிடம் இருப்பது லாரி கேஜ், 160 வரை போகும். 20-க்குக் கீழே அதில் முள் எழுந்திருக்கவே யோசிக்கும். அவனுக்குக் கண்ணில் தெரிவதே 30-இலிருந்துதான்.

அந்த முப்பதோடு இரண்டு வருஷம் ஓட்டினேன். டயர் கல் மாதிரி இருக்கும். நடுப்பட்டை மட்டும் தேயும், வரப்பு ஏறினால் முதுகெலும்பு கணக்குக் கேட்கும். டயர் மண்ணை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றைப் பொறுத்தது. அதனால் மழைக்குப் பிறகு சக்கரம் போன தடம் மட்டும் செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும்.

அப்புறம் ஜே.சி. ரோட்டில் 0 முதல் 30 வரை மட்டும் காட்டுகிற ஒரு டயல் கேஜ் கிடைத்தது. உள்ளங்கை அளவு, விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ். 12-க்கும் 14-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை முதல் தடவை கண்ணால் பார்த்தேன். பழைய புத்தகங்களில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கும். ஒரு கிலோ என்றால் 14.2 பாயிண்ட். நான் 14-இல் நிறுத்தினேன். டயரின் அடி கொஞ்சம் பிதுங்கியது. மாமனார் சுற்றிச் சுற்றி வந்து, "மாப்ள, டயர் உக்காந்துடுச்சே, பாத்தீங்களா?" என்றார். உட்காரத்தான் வேண்டும் மாமா.

நம்பாதவர்கள் இதைச் செய்து பாருங்கள். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, கல்ட்டிவேட்டரை (பின்னால் மாட்டும் உழவுக் கலப்பை) மண்ணில் இறக்கி, பத்துச் சுற்று ஓட்டி, இரண்டு முனையிலும் குச்சி நடுங்கள். அதே தூரத்தைக் கல்ட்டிவேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட்டி எண்ணுங்கள். 30-இல் எனக்கு ஏழரைச் சுற்று வந்தது. அதாவது நாலில் ஒரு பங்கு டீசல் மண்ணைச் சுரண்டத்தான் போயிருக்கிறது. 14-இல் எட்டரை. ஒன்பதை ஒட்டி வந்தால் இன்னும் நல்லது.

டிரெய்லர் மாட்டினால் 18, 20 ஏற்றிவிடுங்கள். ஒரு தடவை 12-ஐ அப்படியே விட்டுவிட்டு வைக்கோல் பாரம் ஏற்றிக்கொண்டு அத்திப்பள்ளி வரை போனேன். ரிம் ஒரு பக்கம், டயர் ஒரு பக்கம் நகர்ந்து டியூப் வால்வு கழுத்தோடு பிய்ந்தது. வால்வு நேராக இல்லாமல் சாய்ந்து நின்றாலே உஷாராகிவிட வேண்டும், நான் ஆகவில்லை. டயருக்குள்ளே இருந்த தண்ணீர் முழுக்க ரோட்டில்.

ஆமாம், தண்ணீர். கேஜ் செத்ததற்கும் அதுதான் காரணம். இழுவைக்காகப் பின் டயர் ஒவ்வொன்றிலும் முக்கால் பங்கு, 150 லிட்டர் சுமார், தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். வால்வு உச்சியில் இருக்கும்போதுதான் காற்றைப் பார்க்க வேண்டும். கீழே இருந்தால் தண்ணீரின் கனத்தில் ஒரு பாயிண்ட் கூடக் காட்டும். அதோடு தண்ணீர் நேராகக் கேஜுக்குள்ளே பீய்ச்சும். காலையில், வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வண்டியை அரைச் சுற்று நகர்த்த யாருக்குப் பொறுமை? முதல் கேஜ் எட்டு மாதத்தில் துருப்பிடித்தது. இரண்டாவதில் கண்ணாடிக்குள் ஈரம் படிந்து, முள் 9-இல் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் டயருக்கென்றே தனிக் கேஜ் உண்டு. கேட்டால் கடைக்காரர் "அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல சார்" என்கிறார்.

இந்த வண்டிக்கு நான் செலவழித்ததில் உருப்படியான காசு அந்தக் கேஜ்தான். இருந்தாலும் தண்ணீர் தாங்காததால் பத்துக்கு நாலு மார்க்குக்கு மேல் போட மனசு வரவில்லை, தண்ணீர் டயருக்கு இந்தக் கேஜை வாங்கவே வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். தண்ணீரை எடுத்துவிட்டு இரும்பு வெயிட் மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். 2511-க்குப் பொருந்துகிற பழைய வெயிட் ஓசூர் பக்கம் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்கள்.