பழைய டீசல் பம்ப்செட்: டியூப் கட்டு நிற்கிறது, ஃபுட் வால்வு நிற்கவில்லை

பழைய 5 குதிரைத்திறன் டீசல் பம்ப்செட் ஒன்று சல்லிசான விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்ஜினைப் பற்றிக் கவலை இல்லை. கைப்பிடி போட்டுச் சுற்றினால் கிளம்பும், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். உயிரை வாங்குவது பம்ப்பின் இழுப்புப் பக்கம்தான்.

கிணற்றிலிருந்து தண்ணீரை பம்ப்புக்கு இழுக்கும் சக்ஷன் பைப்பில் ஓட்டை விழுந்தால், பம்ப் ஓடும்போது அங்கே தண்ணீர் சொட்டாது. காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்கே தெரியாது. டெலிவரியில், அதாவது தண்ணீர் வெளியே கொட்டும் பக்கத்தில், தண்ணீர் விட்டு விட்டு வந்து, ஒரேயடியாக நின்றுவிடும். ஓட்டையைக் கண்டுபிடிக்க ஓர் ஊதுபத்தி போதும், டீசல் டேங்க் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். பம்ப் ஓடும்போதே ஒவ்வொரு ஜாயின்டாகப் பிடித்துக்கொண்டு போனால், ஓட்டை உள்ள இடத்தில் புகை வளைந்து உள்ளே இழுபடும். காற்று பலமாக வீசினால் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், நுரையை உறிஞ்சிக்கொள்ளும்.

அடைப்பதற்குப் பழைய சைக்கிள் டியூப்பைப் போல ஒரு பொருள் கிடையாது. நீளவாக்கில் ஓர் அங்குல அகல நாடாவாக வெட்டிக்கொள்ளுங்கள். பைப்பின் துருவைச் சுரண்டி, ஈரம் போகத் துடைத்து, ஓட்டைக்கு நாலு விரல் தள்ளி ஆரம்பியுங்கள். நாடாவை முழு இழுவையில் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். நுனியைக் கடைசிச் சுற்றுக்கு அடியில் செருகி இழுத்துவிட்டால் முடிச்சே வேண்டாம். சக்ஷன் பக்கம் வெளிக்காற்றே டியூப்பை ஓட்டைக்குள் அழுத்துவதால், ஓட ஓடக் கட்டு இறுகும். டெலிவரியில் தண்ணீர் வெளியே தள்ளும். அங்கே இரண்டு அடுக்கு சுற்றி, மேலே கட்டுக்கம்பியும் போட வேண்டும்.

பைப்புகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டான பிளாஞ்சுக்கு லாரி டியூப்பில் வாஷர் வெட்டலாம். நடு ஓட்டையைப் பைப்பின் உள்வாயைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். இல்லையென்றால் இறுக்கும்போது ரப்பர் பிதுங்கி வழியை மறிக்கும். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்க வேண்டும்.

ஷாஃப்ட் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் கசிவைத் தடுக்கச் சுற்றியிருக்கும் கிளாண்டு கயிறு தேய்ந்து, கடையும் மூடியிருந்தால், பருத்திக் கயிற்றை கிரீஸில் ஊறவைத்துப் போடலாம். நைலான் கயிறு கூடவே கூடாது. சூட்டில் உருகி ஷாஃப்டில் ஒட்டிக்கொள்ளும். வளையம் வளையமாக வெட்டி, இணைப்புகள் ஒரே நேராக வராமல் திருப்பி வையுங்கள். சொட்டே இல்லாதபடி முடுக்குவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஓடும்போது சொட்டுச் சொட்டாகக் கசிந்தால்தான் ஷாஃப்ட் குளிர்ந்திருக்கும்.

டீசல் டேங்கில் ஊசிமுனை ஓட்டை என்றால் துணி துவைக்கும் பார் சோப்பை அழுத்தித் தேய்த்தால் அன்றைய பாசனம் முடியும்வரை தாங்கும். சோப்பு டீசலில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். மழை பட்டால் போயிற்று. சைக்கிள் டியூப்பை மட்டும் டீசல் பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஊறி உப்பி, கொழகொழத்துப் போகும்.

இதுவரை எல்லாம் பாராட்டுதான். ஆனால் ஃபுட் வால்வு! சக்ஷன் பைப்பின் அடிநுனியில், தண்ணீருக்குள் இருந்து, ஏறிய தண்ணீர் திரும்பிக் கிணற்றுக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு அது. கோடையில் மேலே எடுத்துப் போட்டால் தோல் வாஷர் காய்ந்து சுருண்டுவிடுகிறது. விளக்கெண்ணெயில் ஊறவைத்தால் கொஞ்சம் படியும், முழுதாகப் படியாது. ரப்பர் செருப்பை வெட்டிப் போடுவார்கள். அது தடிமனாக இருப்பதால் தட்டு முழுதாகத் திறக்காது, மெத்தென்று இருப்பதால் விளிம்பில் பள்ளம் விழுந்து கசியும். லாரி டியூப் இரண்டு அடுக்கைப் பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டி, உட்காரும் வளையத்தைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டினால் பரவாயில்லை. அதுவும் நாள்பட மடிப்பில் கிழிகிறது. கடைசியில் சாணி கரைத்துப் பம்ப்பில் ஊற்றுவோம். நார் போய் இடுக்கில் அடைத்துக்கொள்ளும், பம்ப்பும் எடுத்துவிடும். ஆனால் ஓட்டத்தில் அந்த நார் கழன்று போவதால் மறுநாள் மறுபடியும் வாளியைத் தூக்க வேண்டும். சாணியோடு மணல் போனால் பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரும் தேயும். அசையாத இடத்தில் போட்ட ஒட்டு நிற்கிறது. ஒவ்வொரு முறையும் திறந்து மூடும் இடத்தில் எந்த ஒட்டும் நிற்பதில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்று அதைக் கழற்றி மாட்டுகிறவருக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

என்னிடம் உள்ளதை நான் விற்க மாட்டேன். ஆனாலும் நண்பருக்கு என் பதில்: கிணற்றில் தண்ணீர் 20 அடிக்குக் கீழே போகும் என்றால் வாங்காதீர்கள். அந்த ஆழத்தில் சின்னக் கசிவையும் இது பொறுக்காது. மேலாகத் தண்ணீர் நிற்கும் கிணறோ வாய்க்காலோ என்றால் வாங்கலாம். பணம் கொடுப்பதற்கு முன், என்ஜினைக் கிளப்பாமல், பம்ப் நிறையத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மட்டம் இறங்கினால், வேறெங்கும் சொட்டாதபோது, ஃபுட் வால்வு போய்விட்டது என்று அர்த்தம். புது வால்வின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.