ஈரமேறிய மேல்தளம்: ஊசியா, மேலிருந்து வெட்டா, கீழிருந்து வெட்டா?

1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் நிறுவனம் டிரைட்டன் என்ற 28 அடிப் பாய்மரப் படகைக் காட்சிக்கு வைத்தது. கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்த அந்தப் படகோடு, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கக்கூடிய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகளை வரிசையாக அச்சில் வார்த்தெடுக்கும் காலம் தொடங்கியது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் அப்படி வார்க்கப்பட்டவற்றில் ஆயிரக்கணக்கானவை இன்றும் ஓடுகின்றன. அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடாவின் கரையோரப் படகுத்துறைகளில் ஒரு பழைய காரின் விலைக்கே அவை கைமாறுகின்றன. அவற்றின் அடிக்கூடு பெரும்பாலும் இன்னும் உறுதியாகவே இருக்கும், கெட்டுப்போவது மேல்தளம்தான். கெட்ட மேல்தளத்தை என்ன செய்வது என்பதில் பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர் முன் நான்கு வழிகள் உள்ளன. அவற்றில் மிகச் சுலபமாகத் தோன்றும் வழிதான் மிகப் பெரும்பாலும் தவறான வழி என்பது என் கருத்து.

மேல்தளம் ஒற்றைப் பலகை அன்று. மேலே மூன்று, நான்கு மில்லிமீட்டர் தடிமனில் ஓர் ஃபைபர் அடுக்கு, கீழே அதைவிட மெல்லிய இன்னோர் அடுக்கு, இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் பால்சா என்ற மிக இலேசான மரத்தின் கட்டைத் துண்டுகள் என்பதுதான் அதன் அமைப்பு. இரு அடுக்குகளையும் விலக்கி நிறுத்தி, அதே சமயம் ஒன்றோடொன்று பிணைத்தும் வைத்திருப்பதுதான் பால்சாவின் வேலை; அந்தப் பிணைப்பு விட்டுப்போனால், ஆள் ஏறி நின்றாலும் அசையாத தளம் காலுக்கடியில் அமுங்கத் தொடங்கும். நீர் நுழைவது தளத்தின் நடுவில் அல்ல, தளத்தில் துளையிட்டுப் பொருத்திய ஒவ்வொன்றின் வழியாகவும்: கயிறு கட்டும் கிளீட், ஓரக் கம்பித் தூண்களின் அடித்தட்டு, பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் வந்து சேரும் செயின்பிளேட். பால்சாவை நார் மேல்கீழாக நிற்கும்படி வெட்டி அடுக்கியிருப்பதால் கட்டைக்குள் நீர் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும். ஆனால் துண்டுகளுக்கு நடுவே உள்ள கீறல்களில் ரெசின் (இழைகளைப் பிணைத்து இறுகும் பிசின்) நிரம்பாமல் விட்டிருந்தால், அவையே வாய்க்காலாகி நீரை வெகுதூரம் கொண்டுபோய்விடும். வடக்கே குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து, ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருத்து, அடுக்குகளை நெம்பிப் பிரிக்கிறது.

எந்த வழி என்று முடிவு செய்யும் முன், உள்ளே இருப்பது ஈரமா, பிரிவா, அழுகலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாகவும் பிரிந்த இடம் 'தொப்' என்று மந்தமாகவும் ஒலிக்கும்; ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் கோடிட்டுக் கொள்ளலாம். ஈரமானி உதவும் என்றாலும், அடியில் உலோகத் தகடு இருந்தாலோ உப்புப் படிந்திருந்தாலோ அது இல்லாத ஈரத்தையும் காட்டும். ஐயத்தைத் தீர்ப்பது துளைதான். மேலடுக்கைத் தொட்டுவிடாதபடி துளைக்கருவியின் முனையில் டேப்பைச் சுற்றி அளவு வைத்துக்கொண்டு, உட்புறத்திலிருந்து கீழடுக்கில் ஒரு சிறு துளையிட வேண்டும். வெளியே வரும் துருவல் வெளிர் மஞ்சளாக, உலர்ந்து, விரலில் ஒட்டாமல் இருந்தால் நிம்மதி. பழுப்பாக, ஈரமாக, ஆனாலும் மரமாகவே இருந்தால் அது ஈரம். கறுத்த காப்பித்தூள் சக்கை போல வந்து, பின்னாலேயே தேநீர் நிறத்தில் நீரும் கசிந்தால், அந்த இடத்தில் பால்சா என்று ஒன்று இல்லை.

முதல் வழி, கசிவை மட்டும் நிறுத்திவிட்டு விட்டுவிடுவது. இதைச் சோம்பல் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஈரம் இருந்தும் பிணைப்பு விடாத இடத்தில், நீர்வரத்து நின்றுவிட்டால் நிலைமை அநேகமாக அப்படியே நிற்கும். செய்ய வேண்டியது, அந்தப் பகுதியில் உள்ள பொருத்துகளைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, வளைத்த ஆணி ஒன்றைத் துளைக்கருவியில் மாட்டிச் சுழற்றி இரு அடுக்குகளுக்கு நடுவே உள்ள கட்டையைச் சுற்றிலும் சுரண்டி எடுத்து, அந்தக் குழியைத் தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் புதிதாகத் துளையிடுவது. இனி அந்தப் போல்ட்டைச் சுற்றிக் கசிந்தாலும் நீருக்குக் கட்டையைத் தொட வழியில்லை. திரும்பப் பொருத்தும்போது அடியில் பியூட்டைல் டேப் (இறுகாமல் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை) வைப்பது என் தேர்வு. 3M நிறுவனத்தின் 5200 போன்ற பாலியுரித்தேன் பசைகள் பிடித்தால் விடாது. பத்து ஆண்டு கழித்துக் கழற்ற நேர்கையில் அந்த நற்குணமே வினையாகி, ஃபைபரின் மேற்பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும்.

இரண்டாவது, ஊசி வழி. தளத்தில் வரிசையாகத் துளையிட்டு, எபாக்ஸியை ஊசிக் குழாயால் செலுத்தி, பக்கத்துத் துளையில் அது எட்டிப் பார்க்கும்வரை அழுத்தி, பின்னர் துளைகளை அடைத்துப் பூசிவிடுவது. ஒரே வார இறுதியில் முடியும், தளத்தின் தோற்றம் பெரிதாகக் கெடாது, வாங்க வேண்டிய கருவிகளும் குறைவு. ஆகவே அதற்கு ரசிகர்கள் ஏராளம். உலர்ந்த கட்டையும் அடுக்கும் வெறுமனே பிரிந்து நடுவில் மெல்லிய வெற்றிடம் இருக்கும் இடத்தில் இது நல்ல மருத்துவம்தான். கட்டையும் கெடவில்லை, ஒட்டும் பரப்பும் ஈரமாக இல்லை, பசை மட்டும்தான் தேவை. ஆனால் பெரும்பாலோர் இதைக் கையிலெடுப்பது ஈரமான, அழுகிய இடத்தில். ஈரத்தால் நிறைந்த கட்டைக்குள் எபாக்ஸி ஊறாது, கட்டையைச் சுற்றிக்கொண்டு ஓடி எங்கோ தேங்கும். முதலில் உலர்த்திவிட்டுச் செலுத்தலாமே என்றால், துளைகளின் வழியே உலர்த்த வெற்றிடப் பம்பு, அசிட்டோன், சூடான காற்று என்று எல்லாவற்றையும் முயல்பவர்கள் இருக்கிறார்கள். இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே அடைபட்ட கட்டை பல மாதங்களானாலும் நனைந்தே கிடக்கும்.

அழுகல் முழுவதும் கரைந்து வெற்றிடமாகிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கிறது. 12 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் என்றால் 12 லிட்டர் கொள்ளளவு. அதைப் பால்சா நிரப்பினால் எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. எபாக்ஸி நிரப்பினால் 13 கிலோவுக்கு மேல். அத்தனை லிட்டர் எபாக்ஸியின் விலை ஒருபுறமிருக்க, நீர்மட்டத்துக்கு மேலே அத்தனை எடை ஏறுவது படகின் சமநிலைக்கு நல்லதல்ல. திரண்ட எபாக்ஸி இறுகும்போது சூடேறும். ஒரே இடத்தில் அதிகம் தேங்கினால் புகையும் அளவுக்கும் போகும். எல்லாவற்றையும்விட மோசமானது, என்ன நடந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். தட்டிப் பார்த்தால் சில இடம் கெட்டியாக ஒலிக்கும், சில இடம் ஒலிக்காது, மறுபடி துளையிட வேண்டும். பின்னாளில் ஒருவர் அந்தத் தளத்தை முறையாகச் செப்பனிட முனைந்தால், அழுகிய கட்டைக்கு நடுவே பாறைபோல் இறுகிக் கிடக்கும் எபாக்ஸித் திட்டுகளை உளியால் கொத்தி எடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, மேலிருந்து வெட்டித் திறப்பது. பார்ப்பதற்குக் கொடூரமானது, ஆனால் வேலை முழுவதும் கண்ணெதிரே நடப்பது இதில்தான். பென்சில் கோட்டுக்குச் சற்று வெளியே, ஓரத்தில் இரண்டு மூன்று அங்குலம் பழைய அடுக்கை விட்டு, மேலடுக்கின் ஆழத்துக்கு மட்டும் ரம்பத்தை வைத்து வெட்ட வேண்டும். அழுகிய இடத்தில் மூடி தானாகவே கழன்று வரும். நல்ல கட்டை தொடங்கும் இடத்தில் உளி போட்டுத்தான் பெயர்க்க முடியும் என்பதால், எதுவரை போக வேண்டும் என்பதைத் தளமே சொல்லிவிடும். கட்டையைச் சுரண்டி, கீழடுக்கைத் தேய்த்து, உலரவிட்டு, முதலில் கலப்பில்லாத எபாக்ஸியைப் பூசி, பிறகு கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பல்வைத்த கரண்டியால் பரப்பி, அதன்மேல் புதிய நடுவடுக்கைப் பதித்து மணல் மூட்டைகளை வைத்து அழுத்தினால், புவியீர்ப்பு நம் பக்கம் நின்று வேலை செய்யும். வெட்டியெடுத்த மூடியையே மேலே ஒட்டலாம், அல்லது புதிதாக ஃபைபர் துணி அடுக்கலாம். எப்படியானாலும் இணைப்பு ஓரத்தை ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் அடுக்குக்கு 36 மில்லிமீட்டர் அகலச் சரிவு. இந்தச் சரிவைச் சுருக்குபவர்களின் தளத்தில்தான் ஓரிரு ஆண்டில் வெட்டுக்கோடு மயிரிழையாகத் திரும்ப எட்டிப் பார்க்கிறது.

இந்த வழியின் விலை, அழகு. அச்சில் வார்த்த வழுக்காத சொரசொரப்பு வேலைப்பாடு போய்விடும். தளம் முழுவதையும் நிரவி, பெயிண்ட் அடித்து, சொரசொரப்பையும் புதிதாக உண்டாக்க வேண்டும். உண்மையில் வெட்டுவதையும் ஒட்டுவதையும்விட நிரவித் தேய்ப்பதில்தான் நாள்கள் போகின்றன. ஐம்பது வயதான படகின் ஜெல்கோட் என்ற மேற்பூச்சு எப்படியும் சுண்ணாம்பாக உதிர்ந்துகொண்டிருக்கும் என்பதால், இந்த இழப்பைப் பெரிதாக எண்ண எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது வழி அந்த இழப்பைத் தவிர்க்கவே கண்டுபிடிக்கப்பட்டது: உள்ளேயிருந்து கீழடுக்கை வெட்டி, கட்டையை மாற்றுவது. வெளித்தோற்றம் அப்படியே இருக்கும், மழையும் பனியும் வேலையைக் கெடுக்காது. ஆனால் எல்லாமே தலைக்கு மேல். கண்ணாடி இழைத் தூள் கழுத்துக்குள் இறங்கும், எபாக்ஸி முகமூடியின் மேல் சொட்டும், பதித்த கட்டை விழாமலிருக்க அறைக்குள் முட்டுக்கட்டைக் காடே எழுப்ப வேண்டும். பல படகுகளில் அறையின் உட்கூரையும் தனியே வார்த்த ஃபைபர் கூடுதான். அதைக் கழற்ற இயலாது என்பதால் அங்கே இந்த வழிக்கே இடமில்லை. கழற்றக்கூடிய வினைல் உட்கூரை, நல்ல நிலையில் உள்ள வெளிப்புறம், ஒரு கையகலச் சிறு சேதம் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

எந்த வழியில் திறந்தாலும் ரெசின் சண்டை ஒன்று காத்திருக்கிறது. தமிழகக் கடற்கரையின் ஃபைபர் படகுப் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு பாலியெஸ்டர் ரெசினும் மேட் என்ற கண்ணாடி இழை விரிப்பும் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டும் புதிதல்ல. விலை குறைந்த அந்த ரெசினிலேயே முழுப் படகும் உறுதியாக உருவாகும்போது இங்கே எபாக்ஸி எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான். புதுப் படகில் முந்தைய அடுக்கு முழுதாக இறுகும் முன்பே அடுத்த அடுக்கு ஏறுவதால், இரண்டும் வேதிப் பிணைப்பில் ஒன்றாகின்றன. அரை நூற்றாண்டுக்கு முன் இறுகி முடிந்த பரப்பிலோ எந்த ரெசினும் வெறும் பசையாகத்தான் ஒட்ட முடியும். அந்தப் பசை வேலையில் பாலியெஸ்டரைவிட எபாக்ஸி தெளிவாகவே மேல், சுருங்குவதும் குறைவு. ஆனால் பாலியெஸ்டர் பழக்கத்தை எபாக்ஸிக்குக் கொண்டுவரக் கூடாது. அங்கே ரெசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட்டைச் சற்றுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். இங்கே ரெசினோடு கலக்கும் இரண்டாம் திரவமான ஹார்ட்னரைக் கூட்டினால் என்றைக்கும் சரியாக இறுகாது. வெஸ்ட் சிஸ்டம் என்ற எபாக்ஸி வகையின் 105 ரெசினோடு 205 அல்லது 206 ஹார்ட்னரை ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் கலப்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. வேகம் வேண்டுமென்றால் ஹார்ட்னரைத்தான் மாற்ற வேண்டும். 22 டிகிரி வெப்பத்தில் கோப்பையில் 205 பத்து நிமிடம் போலவும் 206 இருபது நிமிடத்துக்குச் சற்று மேலும் தாங்கும். சாதாரண மேட்டின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது; எபாக்ஸிக்கு இரு திசை இழைகளைச் சேர்த்துத் தைத்த பையாக்சியல் துணிதான் பொருந்தும். இறுகிய எபாக்ஸியின் மேல் படியும் மெழுகுப் பிசுக்கை வெந்நீரால் கழுவாமல் அடுத்த பூச்சுக்குப் போகக் கூடாது, பெயிண்ட் இல்லாமல் வெயிலில் விடவும் கூடாது.

நடுவடுக்கில் திரும்பவும் பால்சாவா, டிவினிசெல் போன்ற நுரைப் பலகையா என்ற விவாதத்தை நான் நீட்டப்போவதில்லை. துளைகளை மேலே சொன்னபடி அடைத்தால் பால்சாவே போதும். அழுத்தத்தை அது நுரையைவிட நன்றாகத் தாங்கும். பிளைவுட் மட்டும் வேண்டாம், அதன் நார் நீரைப் பக்கவாட்டில் உறிஞ்சிப் பரப்பும்.

பட்டறையில் கொடுத்துச் செய்யலாமா என்றால், அமெரிக்கக் கிழக்குக் கரையில் மணிக்கு 100 டாலருக்கு மேல் கூலி கேட்பது சாதாரணம். தளம் முழுவதையும் மாற்றும் செலவு படகின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே இது சொந்தக் கை வேலை, நேரம்தான் செலவு. 28 அடிப் படகு ஒன்றில் முன்தளத்தில் அரைச் சதுர மீட்டர் அமுங்குகிறது, பாய்மரத்தின் பக்கத்தில் செயின்பிளேட்டைச் சுற்றி ஒரு சாண் ஈரமாக ஆனால் கெட்டியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்தளத்தை மேலிருந்து திறப்பேன், அதுவும் இரவிலும் பத்து டிகிரிக்குக் கீழே போகாத மே மாதத்தில், மேலே தார்ப்பாய்ப் பந்தல் போட்டு. செயின்பிளேட்டைக் கழற்றி, அதன் உலோகத்தில் விரிசலோ துருக்குழியோ உண்டா என்று பார்த்து, துளையை எபாக்ஸியால் கட்டித் திரும்ப மாட்டிவிட்டு, அந்த ஒரு சாண் ஈரத்தை அப்படியே விட்டுவிடுவேன். அதைச் சுற்றியுள்ள பென்சில் கோட்டை மட்டும் அழிக்காமல் வைத்து, அடுத்த வசந்தத்தில் அதே கோட்டின் மேல் தட்டிப் பார்ப்பேன். 'தொப்' ஒலி கோட்டைத் தாண்டியிருந்தால் அப்போது ரம்பத்தை எடுக்கலாம்.